ஒரு குடும்பத்தின் பெருந்தமனி

இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனி சிறிது தூரம் மேலேறி, கழுத்தடியில் வளைந்து, முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் நுழைகிறது. உதரவிதானத்துக்கு மேலுள்ள பகுதியே மார்புப் பெருந்தமனி. இதயம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் பாய்ந்து வரும் குருதியை ஏந்த அந்தச் சுவர் சற்றே விரிகிறது. துடிப்பு அடங்கியதும் பழைய அளவுக்கு மீள்கிறது. விரிவதும் மீள்வதும் வாழ்நாள் முழுவதும் ஓயாமல் நடக்க வேண்டிய வேலை. சிலருக்கு அந்த வேலையைச் செய்யும் சுவரே பிறவியிலேயே குறையோடு அமைகிறது. குறை இருக்குமிடம் மரபணு. சுவர் எதனால் தளர்கிறது என்று தெரிந்தால்தான் அது எப்போது கிழியக்கூடும் என்றும், குடும்பத்தில் வேறு யாருக்குக் கிழியக்கூடும் என்றும் சொல்ல முடியும். இந்தக் கட்டுரை படிப்படியாக விரிக்க முயல்வது இந்த ஒரு கருத்தைத்தான்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். தமனி வீக்கம் என்பது சுவர் மெல்ல மெல்லத் தளர்ந்து குழாய் அகன்றுபோவது. வயது வந்தவர்க்கு மேலேறும் பெருந்தமனியின் விட்டம் பெரும்பாலும் 3 முதல் 3.5 சென்டிமீட்டர் வரை இருக்கும். அது 4, 4.5 என்று அகலும்போதும் வலி இராது, மூச்சு வாங்காது, உடல் எந்த எச்சரிக்கையும் தராது. பெருந்தமனிப் பிளவு வேறு. சுவரின் உட்படலம் கிழிந்து, அந்தக் கிழிசல் வழியாகக் குருதி சுவருக்குள்ளேயே புகுந்து, அடுக்குகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக்கொண்டே போவது. பிளவு மேலேறும் பகுதியைத் தொட்டிருந்தால் அதை ஸ்டான்ஃபோர்டு ‘ஏ’ வகை என்பார்கள். தொடாவிட்டால் ‘பி’ வகை. ‘ஏ’ வகைக்கு உடனடி அறுவைச் சிகிச்சை வேண்டும். சிகிச்சை கிடைக்காதவர்களில் முதல் இரண்டு நாட்களில் மணிக்கு 1 முதல் 2 விழுக்காட்டினர் இறக்கிறார்கள் என்பது மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. வீக்கத்துக்கு ஆண்டுக்கணக்கில் அவகாசம் உண்டு, பிளவுக்கு மணிக்கணக்கில்தான். நோயை வீக்கமாக இருக்கும்போதே அறிந்துகொள்வதில் இத்தனை அக்கறை காட்டுவது இதனால்தான்.

இனி அந்தச் சுவரைப் பார்ப்போம். அதற்கு மூன்று படலங்கள். நடுப்படலமே அதன் பலம். அங்கே எலாஸ்டின் என்ற மீள்புரதத்தாலான தகடுகள் பல, ஒன்றின்மேல் ஒன்றாக வளையமிட்டு நிற்கின்றன. தகடுகளுக்கு இடையே மென்தசைச் செல்கள். தகட்டையும் செல்லையும் இணைக்கும் நுண்ணிழைகள் ஃபைப்ரிலின் என்ற புரதத்தால் ஆனவை. இவற்றோடு கொலாஜன் நார்களும் உண்டு. தகடு, இழை, செல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் இந்த அமைப்பை மனத்தில் இருத்திக்கொண்டால் மரபணுக்களின் நீண்ட பட்டியல் தானாகவே ஒழுங்குபடும். ஏனெனில் இதுவரை உறுதியாக அறியப்பட்ட மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாமே மூன்று காரியங்களில் ஒன்றைச் செய்கின்றன: சட்டகத்தைக் கட்டுவது, செல்லுக்குச் செய்தி கொண்டுபோவது, தசையைச் சுருக்குவது.

சட்டகத்திலிருந்து தொடங்குவோம். 1896இல் பாரிஸின் குழந்தை மருத்துவர் அந்த்வான் மார்ஃபான், கைகால்களும் விரல்களும் வழக்கத்துக்கு மாறாக நீண்டு மெலிந்திருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி எழுதினார். பெருந்தமனியைப் பற்றி அவர் அப்போது எதுவும் சொல்லவில்லை. எலும்பு, கண், பெருந்தமனி மூன்றிலும் தோன்றும் கோளாறுகளை இணைப்புத் திசுவின் ஒரே பிறவிக் குறையாகக் கண்டு, அந்த வகை நோய்கள் அனைத்துக்கும் 1956இல் ஒரு நூலையே எழுதியவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸின் விக்டர் மெக்கியூசிக். அந்தக் குறை எந்தப் புரதத்தில் என்பது தெரிய மேலும் முப்பதாண்டுகள் ஆயின. 1986இல் லின் சாக்காய் ஃபைப்ரிலினைப் பிரித்தெடுத்தார். 1991இல் ஹால் டீட்ஸும் அவருடைய குழுவினரும், 15ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்.பி.என்.1 மரபணுவின் பிழையே மார்ஃபான் நோய்க்குக் காரணம் என்று காட்டினார்கள். ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நம்மிடம் இரண்டு படிகள் உள்ளன. ஒன்று கெட்டாலும் மற்றொன்று நல்ல புரதத்தைத் தருமே, பிறகு ஏன் நோய்? இதற்கு இரண்டு விடைகள். சிலருக்குக் கெட்ட படியிலிருந்து புரதமே வருவதில்லை. பாதி அளவு ஃபைப்ரிலின் அந்தச் சுவருக்குப் போதவில்லை. வேறு சிலருக்குக் கெட்ட படியும் புரதத்தைத் தருகிறது, ஆனால் வடிவம் பிறழ்ந்த புரதத்தை. கயிறு திரிக்கும்போது இற்றுப்போன நார்களும் நல்ல நார்களோடு கலந்துவிட்டால் கயிறு முழுவதுமே வலுவிழக்கிறதல்லவா, அதுபோலப் பிறழ்ந்த ஃபைப்ரிலின் நல்ல ஃபைப்ரிலினோடு பின்னிக்கொண்டு நுண்ணிழை முழுவதையும் கெடுத்துவிடுகிறது. ஒரே மரபணுவின் பிழை குடும்பத்துக்குக் குடும்பம் வேறு வேறு கடுமையோடு தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொலாஜன் சட்டகத்திலும் இத்தகைய பிழை உண்டு. மூன்றாம் வகைக் கொலாஜனுக்கான சி.ஓ.எல்.3ஏ1 மரபணு கெட்டால் வருவது குருதிக்குழல் வகை ஏலர்ஸ்–டான்லோஸ் நோய். அதில் தமனிகள் அகலாமலேயே கிழியக்கூடும். திசு அத்தனை நொய்மையானது என்பதால் அறுவைச் சிகிச்சையே ஆபத்தாகிவிடும். வேறு மரபணுக்காரருக்கு உயிர் காக்கும் கத்தி இவருக்குக் கடைசிப் புகலிடம்.

அடுத்த அடுக்கு செய்தி. திசு வளரவும் பழுதுபார்க்கவும் செல்களுக்கு ஆணையிடும் புரதங்களில் ஒன்று டி.ஜி.எஃப்.-பீட்டா. அது செல்லின்மேல் உள்ள ஏற்பிகளில் போய் அமரும். ஏற்பி உள்ளே ஸ்மேட் புரதங்களிடம் செய்தியை ஒப்படைக்கும். 2005இல் பார்ட் லோயிஸும் டீட்ஸும் அந்த ஏற்பிகளின் மரபணுக்களான டி.ஜி.எஃப்.பி.ஆர்.1, 2 ஆகியவற்றில் பிழையுள்ள ஒரு நோயை வகுத்துக் காட்டினார்கள். இன்று அது லோயிஸ்–டீட்ஸ் நோய். பின்னர் ஸ்மேட்3, டி.ஜி.எஃப்.பி.2 முதலிய மரபணுக்களும் இவ்வரிசையில் சேர்ந்தன. இதில் அறிஞர்களை நெடுநாள் திகைக்க வைத்த முரண் ஒன்று உண்டு. ஏற்பி கெட்டால் செய்தி குறைய வேண்டும். ஆனால் நோயாளிகளின் தமனிச் சுவரைச் சோதித்தால் செய்தி மிகுந்து ஓடிய அடையாளமே தெரிகிறது. ஒரு வழி அடைபடுவதை ஈடுகட்ட உடல் வேறு வழிகளை முடுக்கிவிடுகிறதா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவில்லை. ஐயத்துக்கு இடமில்லாதது நோயின் போக்கு. தமனிகள் கொடிபோல் முறுக்கி வளைந்து செல்லும்; பெருந்தமனி இளவயதிலேயே, சிறிய விட்டத்திலேயே பிளக்கும்.

மூன்றாவது அடுக்கு தசை. மற்ற இரண்டையும்விட இதுவே எனக்கு வியப்பைத் தருவது. நெட்டையான உருவமோ கண்ணில் கோளாறோ வேறு எந்தப் புறக்குறியோ இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பெருந்தமனி மட்டும் பிளக்கும் குடும்பங்கள் உண்டு. ஹூஸ்டனில் டயானா மிலவிக்ஸின் குழு இக்குடும்பங்களைப் பின்தொடர்ந்து 2007இல் ஆக்டா2 மரபணுவைக் கண்டறிந்தது. மென்தசைச் செல் சுருங்கப் பயன்படும் ஆக்டின் இழைக்கான மரபணு அது. ஆக்டினோடு கோத்து இழுக்கும் மயோசினுக்கான எம்.ஒய்.எச்.11, மயோசினைத் தூண்டிவிடும் நொதிக்கான எம்.ஒய்.எல்.கே. ஆகியவற்றின் பிழைகளும் இதே நோயைத் தருகின்றன. இம்மூன்றிலும் சுருங்கும் ஆற்றல் குறைகிறது. நான்காவதான பி.ஆர்.கே.ஜி.1 தசையைத் தளரச் செய்யும் நொதி. அதில் கண்ட பிழை நொதியைச் செயலிழக்கச் செய்வதில்லை. ஓயாமல் செயல்பட வைக்கிறது. சுருக்குவது தளர்ந்தாலும் தளர்த்துவது ஓங்கினாலும் விளைவு ஒன்றே. மென்தசைச் செல் சுவரை வெறுமனே நிரப்பிக்கொண்டிருக்கவில்லை, சுவரின் இழுவிசையை உணர்ந்து அதற்கேற்பப் பிடித்து நிற்கிறது என்ற அறிவு இந்த நான்கு மரபணுக்களின் வழியாகத்தான் உறுதிப்பட்டது.

மரபணு எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதற்கு நோயாளியின் வாழ்வில் என்ன பொருள்? 2022இல் அமெரிக்க இதயவியல் அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். மரபுக் காரணம் இல்லாத வீக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் எல்லை வழக்கமாக 5.5 சென்டிமீட்டர், தேர்ந்த மையங்களில் 5. மார்ஃபான் நோயில் அது 5. வேறு ஆபத்துக் குறிகளும் இருந்தால் 4.5. டி.ஜி.எஃப்.-பீட்டா ஏற்பிகளில் பிழையுள்ள லோயிஸ்–டீட்ஸ் நோயாளிக்கு 4.5; ஆபத்துக் குறிகள் மிகுந்தால் 4. எம்.ஒய்.எல்.கே. பிழை உள்ளவர்களில் பெருந்தமனி அதிகம் அகலாமலேயே பிளந்த குடும்பங்கள் பதிவாகியுள்ளன. ஆக, 4.6 சென்டிமீட்டர் என்ற ஒரே அளவு ஒருவருக்கு ‘ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்றும் இன்னொருவருக்கு ‘அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறியுங்கள்’ என்றும் பொருள்படும். அளவைச் சொல்வது ஸ்கேன். அந்த அளவுக்குப் பொருள் சொல்வது மரபணு.

அடுத்து, இந்நோய் தலைமுறைகளில் இறங்கும் விதம். இந்த மரபணுக்களில் பெரும்பாலானவை ஓங்கு முறையில் கடப்பவை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் மணம் முடித்ததால் வந்தது என்று நம் குடும்பங்களில் பழி சுமத்துவது வழக்கம். மார்ஃபான், லோயிஸ்–டீட்ஸ், ஆக்டா2 நோய்களுக்கு அந்தப் பழி பொருந்தாது. பொருந்தும் நோயும் ஒன்று நம் அருகிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது. ஃபைபுலின்-4 புரதத்துக்கான மரபணுவின் இரண்டு படிகளிலும் ஒரே பிழை இருந்த 22 கேரளக் குழந்தைகளைப் பற்றிக் கொச்சி மருத்துவர்கள் 2012இல் எழுதினார்கள். பச்சிளம் பருவத்திலேயே பெருந்தமனி பெரிதாக வீங்கி உயிரைப் பறித்த நோய் அது. ஒடுங்கு முறையில் கடக்கும் இத்தகைய நோயில்தான் இரத்த உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டும்.

ஓங்கு முறையிலும் இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். மார்ஃபான் நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது புதிதாகத் தோன்றிய பிழை. பெற்றோர் இருவருக்கும் நோய் இருக்காது. ஆகவே குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகாது. மற்றொன்று, பிழையைத் தாங்கியிருக்கும் எல்லாருக்கும் நோய் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. ஆக்டா2 பிழையோடு எழுபது வயதுவரை ஒன்றும் இல்லாமல் வாழ்ந்த தாத்தாவின் பேரன் முப்பது வயதில் பிளவோடு வரலாம். ஒரு தலைமுறை தப்பிவிட்டது என்று சொல்வது அப்போது தவறு. பிழை தப்பவில்லை, வெளிப்படாமல் இருந்தது.

இனி நோயறிதல். அதன் முதல் கருவி தாளும் பேனாவும். மூன்று தலைமுறை வம்ச வரைபடம் ஒன்றை வரைந்து, யார் எந்த வயதில் எப்படி இறந்தார்கள் என்று கேட்க வேண்டும். மார்புப் பெருந்தமனி நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நெருங்கிய உறவில் இன்னொரு நோயாளி இருக்கிறார். ‘நெஞ்சு வலி என்றார், போய்விட்டார்’ என்ற விடை நம் வீடுகளில் எத்தனை முறை மாரடைப்பு என்றே எழுதப்பட்டிருக்கும்! வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமனின் மரணம் இதற்குத் தெளிவான சான்று. ஆறடி ஐந்தங்குல உயரமுள்ள அவர் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க அணியின் தூண். 1986 ஜனவரி 24 அன்று ஜப்பானின் மட்சுவே நகரில் ஆட்டத்தின் நடுவே வெளியே வந்து அமர்ந்தவர் சரிந்து விழுந்து இறந்தார். வயது 31. மாரடைப்பு என்றே முதலில் கருதப்பட்டது. அமெரிக்காவில் நடந்த உடற்கூறாய்வு பெருந்தமனி கிழிந்ததையும் அதற்குப் பின்னிருந்த மார்ஃபான் நோயையும் காட்டியது. அதன் பிறகு அவருடைய சகோதரரைச் சோதித்தபோது அவருக்கும் அந்நோய் இருப்பது தெரிந்து அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. ஒருவரின் மரணத்துக்குச் சரியான காரணம் எழுதப்பட்டதால் இன்னொருவர் பிழைத்தார். உடற்கூறாய்வு வேண்டாம் என்று மன்றாடும் நம் குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த நேரத்துத் துயரம் அப்படி. ஆனால் இளவயதில் திடீரென ஒருவர் இறக்கும்போது அந்த ஆய்வு உயிரோடிருக்கும் உடன்பிறந்தோருக்காகச் செய்யப்படுவது என்பதை மருத்துவர்கள் பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

வரைபடத்துக்கு அடுத்தது உடல். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடினால் மார்ஃபான் நோயாளியின் கட்டைவிரல் நகம் முழுவதும் சுண்டுவிரல் பக்கம் வெளியே நீட்டி நிற்கும். ஒரு கையால் மறு மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரல் சுண்டுவிரலின் நகத்தை மூடும். இவ்விரண்டும் சேர்ந்து இருந்தால், மார்ஃபான் நோயை அறியப் பயன்படும் கெண்ட் நெறிமுறையில் 3 புள்ளிகள். நெஞ்செலும்பு துருத்தியிருத்தல், நுரையீரல் தானாகச் சுருங்கிப்போன வரலாறு, முதுகெலும்பு வளைவு, கிட்டப்பார்வை என ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு; 7 சேர்ந்தால் அது பொருட்படுத்த வேண்டிய குறி. 2010இல் திருத்தப்பட்ட அந்நெறிமுறை பெருந்தமனி வேரின் அகற்சிக்கும் விழிலென்ஸின் இடப்பெயர்ச்சிக்கும் முதன்மை தந்தது. இரண்டும் இருந்தால் மரபணுச் சோதனை இல்லாமலே மார்ஃபான் என்று முடிவுகட்டலாம். லோயிஸ்–டீட்ஸ் நோயைத் தேடும் மருத்துவர் வாயைத் திறக்கச் சொல்லி உள்நாக்கு பிளவுபட்டிருக்கிறதா, கண்களுக்கு இடையே அகலம் மிகுந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஆக்டா2 என்று ஐயுற்றால் தோலில் வலைபோலப் படரும் ஊதா நிறக் கோடுகளைத் தேடுவார். நெடிய உடல் எல்லாம் மார்ஃபான் அல்ல, மார்ஃபான் எல்லாம் நெடிய உடலும் அல்ல. ஹோமோசிஸ்டினூரியா என்ற வேறொரு நோயிலும் உடல் நீண்டு விழிலென்ஸ் நகரும். மார்ஃபானில் அது பெரும்பாலும் மேல்நோக்கியும் அதில் கீழ்நோக்கியும் நகரும்.

மூன்றாவது கருவி படம். எக்கோ பரிசோதனையில் பெருந்தமனி வேர் தெளிவாகத் தெரியும். வளைவையும் இறங்கு பகுதியையும் காண சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். குழந்தைகளிலும் குள்ளமானவர்களிலும் சென்டிமீட்டர் மட்டும் போதாது. உடலளவுக்கும் வயதுக்கும் ஏற்ற சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்ற இசட் மதிப்பைக் கணக்கிட வேண்டும். 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் அகற்சி. அளக்கும் முறையிலும் கண்டிப்பு வேண்டும். குழாயைச் சாய்வாக வெட்டிக் காட்டும் படத்தில் அளந்தால் விட்டம் கூடுதலாகத் தெரியும். சென்ற ஆண்டு ஓரிடத்தில், இந்த ஆண்டு வேறோரிடத்தில் அளந்தால் வளராத வீக்கம் வளர்ந்ததாகவும் வளர்ந்தது நின்றதாகவும் தோன்றும். பழைய படங்களையே கையோடு கொண்டுபோய்ப் புதியதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது நோயாளியின் உரிமை.

மரபணுச் சோதனை இவற்றுக்குப் பின்னே வருகிறது. அதில் ஒழுங்கு முக்கியம். முதலில் சோதிக்க வேண்டியவர் நோய் வெளிப்பட்டவர். பயந்து வந்த நலமான தம்பி அல்ல. 60 வயதுக்குள் நோய் வந்தவர், குடும்பத்தில் இன்னொருவருக்கும் உள்ளவர், உடற்குறிகள் உள்ளவர் ஆகியோருக்கு இச்சோதனை பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு குழாய்க் குருதியிலிருந்து, தொடர்புள்ள மரபணுக்கள் அனைத்தையும் ஒருசேரப் படிக்கிறார்கள். பல மரபணுக்களின் பெயர்கள் பேசப்பட்டாலும், 2018இல் வல்லுநர் குழு ஒன்று சான்றுகளை எடைபோட்டு உறுதியானவை என்று ஏற்றவை 11தான். விடை ஐந்து படிகளில் ஒன்றாக வரும்: நோய் தருவது, நோய் தரக்கூடியது, பொருள் துணியப்படாதது, தீங்கற்றதாகலாம், தீங்கற்றது. நடுவில் நிற்கும் படியே மிகுந்த குழப்பத்துக்கு இடம். பொருள் துணியப்படாத மாற்றத்தை வைத்து யாருக்கும் நோய் என்றும் சொல்லக்கூடாது, இல்லை என்றும் சொல்லக்கூடாது. நோயுள்ள மற்ற உறவினரிடமும் அதே மாற்றம் இருக்கிறதா என்று பார்த்து மெல்லத் துணிய வேண்டும்.

விடை ‘எதுவும் காணப்படவில்லை’ என்று வந்தால்? புறக்குறியற்ற குடும்பங்களில் பெரும்பான்மைக்கு இன்றும் காரணமான மரபணு பிடிபடவில்லை. அப்போது நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லாரும் படப் பரிசோதனையைத் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும். மாறாகக் குடும்பத்தின் பிழை இன்னதென்று உறுதியாகத் தெரிந்து, ஒருவரிடம் அது இல்லை என்றும் தெரிந்தால், அவரும் அவர் பிள்ளைகளும் வாழ்நாள் கண்காணிப்பிலிருந்து விடுபடுகிறார்கள். அச்சத்திலிருந்து இப்படி விடுவிக்கும் ஆற்றல் எந்த ஸ்கேனுக்கும் இல்லை. என் கணிப்பில் மரபணுச் சோதனையின் மிகப் பெரிய பயன் இதுவே.

நோய் அறியப்பட்டவரின் ஆயுள் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். 1972இல் வெளியான ஆய்வில் மார்ஃபான் நோயாளிகள் இறந்த சராசரி வயது 32. 1995 ஆய்வில் அவர்களில் பாதிப்பேர் 72 வயதைத் தொடுவார்கள் என்று மதிப்பிட்டார்கள். இடையில் வந்தவை 1968இல் ஹியூ பென்டால் விவரித்த பெருந்தமனி வேர் மாற்றுச் சிகிச்சை, பீட்டா தடுப்பு மருந்து, எக்கோ கருவி. லோசார்ட்டான் மருந்தும் 2014இல் வெளியான பெரிய ஆய்வில் பீட்டா தடுப்பு மருந்தான அட்டெனலாலுக்கு நிகரான பயனையே தந்தது. இவை எல்லாம் இன்று நம் ஊர் மருத்துவமனைகளிலும் கிடைப்பவை. அறியப்படாத நோயாளிக்கு மட்டுமே இவற்றால் பயனில்லை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குடும்பத்தில் ஒருவருக்குப் பெருந்தமனி வீக்கமோ பிளவோ வந்திருந்தால், அல்லது ஐம்பது வயதுக்குள் ஒருவர் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தால், அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் ஒரு முறையாவது எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். பிழை உள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பே இதய மருத்துவரைப் பாருங்கள். கருவுற்ற கடைசி மாதங்களும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களும் ஆபத்து மிகுந்தவை. சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற, பெருந்தமனிக்கு ஆபத்தாகக்கூடிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எழுதும் மருத்துவரிடம் உங்கள் நோயைச் சொல்லுங்கள். திடீரெனத் தொடங்கி, தொடங்கிய கணத்திலேயே உச்சமாக, மார்பிலோ தோள்பட்டைகளுக்கு நடுவிலோ கிழிப்பதுபோல் வலித்தால், இ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்ற சொல்லோடு வீடு திரும்பாதீர்கள். ‘எங்கள் குடும்பத்தில் பெருந்தமனி நோய் உண்டு, சி.டி. ஆஞ்சியோ எடுங்கள்’ என்று அவசரப் பிரிவில் வாய்விட்டுக் கேளுங்கள்.